பெயின்ட் பிடிக்காத சிலிண்டர்

“இட்லிப் பானை எங்க?”

ஏலக்காட்டு வேலையிலிருந்து திரும்பிய மூக்கம்மாள் அத்தை, கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டார்.

“அடுப்புல இருக்கு,” என்றார் சீனிச்சாமி மாமா.

கம்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அன்று தண்ணீர் மோட்டார் போடுவதற்காகக் கீழே இறங்கியவள் படியிலேயே நின்றுவிட்டேன். கொல்லைப்புறத்து விறகடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அடுப்புல வச்சு என்ன செய்றீக?”

“ராஜ்தூத்து பைக்கு இன்சினப் பிரிச்சேன்ல. சிலிண்டர சலவை சோடாத்தண்ணியில போட்டு அவிக்கிறேன். உள்ள ஊறிப்போன ஆயில் அம்புட்டையும் கக்கணும். அப்பத்தான் பெயின்ட்டு புடிக்கும்.”

அத்தை மூடியைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு நுரை பொங்கியது.

“வெந்ததும் சொல்லுங்க. சட்னி அரைக்கிறேன்.”

“பானையக் கழுவித் தந்துர்றேன் மூக்கு.”

“கழுவி? இதுல இனி இட்லி அவிச்சா, தின்னவுகெல்லாம் டுர்ருன்னு தெருவச் சுத்த வேண்டியதுதான்.”

மாமா சிரிக்கவில்லை. பழைய துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் சிலிண்டரைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்தார். அத்தை அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கனத்தைத் தூக்குற கைக்கு ஸ்டேரிங் புடிக்க முடியலையாக்கும்.”

“தூக்குறது வேற. புடிச்சு நிக்கிறது வேற.”

“தோட்டத்து மேனேஜர் இன்னைக்கும் கேட்டாரு. ‘சீனி எந்தா வராத்தே’ன்னு. ஏன் வரலேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? உங்க ஜீப்ப அந்த அருண்பாண்டிப் பய ஓட்டுற ஓட்டுக்கு, போய்ச் சேந்தா ஒரு உசுரு, வந்து சேந்தா ஒரு உசுரு. இன்னைக்கு வளைவுல ஒரு கையில போனு, ஒரு கையில ஸ்டேரிங்கு. பவுனு ஜீப்புக்குள்ளேயே வாந்தி எடுத்துட்டா.”

“அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னோம். பாட்டுச் சத்தத்தக் கூட்டி வைக்கிறான்.”

மாமா அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துத் தரையில் தேய்த்து அணைத்தார். பிறகு, “கை நடுங்குது மூக்கு,” என்றார்.

“எங்க நடுங்குது? நீட்டுங்க.”

நீட்டினார். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, கை அசையாமல்தான் இருந்தது.

“இப்ப நடுங்கல. ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்ல.”

“அப்ப ஒண்ணு செய்யிங்க. இந்தக் கழுதைக்குத்தான பெயின்ட்டு அடிக்கப் போறீக? பிரஷ்ஷுல அடிங்க. தகடு தகடா இருக்குல்ல, அதுக்குள்ளயெல்லாம் ஒழுகாம, திட்டில்லாம அடிச்சு முடிச்சீகன்னா கை நல்லாருக்குன்னு அர்த்தம். ஆடி பொறந்ததும் ஜீப்ப எடுக்கணும். நல்லா வரலேன்னா, நான் அதுக்குப் பெறகு வாயத் தொறக்க மாட்டேன்.”

“நெசமா?”

“வீரபாண்டி ஆத்தா மேல சத்தியமா. அப்புறம் நீங்க இங்கனயே உக்காந்து சிலிண்டரு அவிங்க, பிஸ்டனு பொரிங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.” அத்தை என் பக்கம் திரும்பினார். “நீதான் ஆத்தா சாட்சி.”

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

சீனிச்சாமி மாமா கம்பத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. நிலம் அண்ணன்மார்களுக்குள் முடிந்துபோனதால் அவருக்கு ரோடு கிடைத்தது என்று அவரே சொல்வார். திராட்சை ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஜீப்புக்கு மாறி, முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வழியில் ஓடினார். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்தின் ஏலத்தோட்டத்தில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது. ஜீப்புக்கு வந்த பிறகு தூரத்து ஊர் எதுவும் பார்த்ததில்லை. ஒரே மலையைத் தினமும் ஏறி இறங்கியதில் வயது போய்விட்டது.

இருட்டு பிரியும் முன் பெண்கள் ஜீப் ஸ்டாண்டில் வந்து நிற்பார்கள். யாருக்கு வளைவில் குமட்டும், யார் முன்சீட்டில் உட்கார வேண்டும், யார் பிள்ளை உண்டாகியிருப்பதை இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வண்டி கிளம்பியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்களாம். “பின்னால அம்புட்டு பேரும் தூங்குறாகன்னா, நம்ம கண்ணு மட்டும் எப்படி தாயி மூடும்?” என்று ஒருமுறை கேட்டார். பெருமையாகச் சொன்ன மாதிரி இல்லை. அத்தனை வருடத் தூக்கமும் பாக்கி நிற்பதைப் போலச் சொன்னார்.

அந்தப் பெண்களில் மூக்கம்மாள் அத்தையும் ஒருவர். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகும் வேலையை விடவில்லை. ஒரே வீட்டிலிருந்து இருவரும் ராஜ்தூத்தில் ஸ்டாண்டுக்குப் போவார்கள். அங்கே போனதும் அத்தை மற்றப் பெண்களோடு பின்னால் ஏறிக்கொள்வார். முன்சீட்டு அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. “குமட்டுறவளுக்குத்தான் முன்சீட்டு. எனக்குக் குமட்டி நீ பாத்திருக்கியா?” என்பார் என்னிடம்.

மாசி மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவின் வலது கையிலிருந்து சோறு நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடி அள்ளினார், மறுபடியும் விழுந்தது. வாயும் லேசாகக் கோணியது. ஆட்டோ பிடித்துத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளையாக லேசான பக்கவாதம்தான். மாத்திரையும் பயிற்சியுமாகக் கை திரும்பி வந்தது. வழக்கமான வேலைகளைப் பைய ஆரம்பிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்கு இரண்டு பயம். ஒன்று, வீட்டில் உட்கார்ந்த ஆம்பளை எழுந்திரிக்க மாட்டான் என்பது. அவருடைய சொந்த அண்ணன் அப்படித்தான் கட்டிலிலேயே முடிந்துபோனார். இன்னொன்று அருண்பாண்டி. தினமும் காலையில் அந்த ஜீப்பில் ஏறும்போது அத்தை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று பவுனு அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாமா வேலைக்குப் போகாத அந்த மாதங்களிலும் பழைய நேரத்துக்கே எழுந்துவிடுவார். அத்தைக்குச் சோறு பொங்கி, துவையல் அரைத்து, தூக்குவாளியைக் கட்டிக் கொடுப்பார். அத்தை போன பிறகு கொல்லையில் வந்து உட்காருவார். மெட்டு ரோட்டில் ஜீப்புகள் ஏறும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். கடைசி வண்டியும் ஏறி முடிந்த பிறகுதான் உள்ளே போவார். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் ராஜ்தூத்தின் இன்ஜினைப் பிரித்துப் போட்டார். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அதன் கறுப்பெல்லாம் உதிர்ந்திருந்தது. “சும்மா கெடக்குறதுக்கு இதயாவது செய்வோம்” என்று ஆரம்பித்தது, அத்தையின் பந்தயத்துக்குப் பிறகு வேறு விஷயமாகிவிட்டது.

வீரபாண்டித் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூச்சு. தேனியிலிருந்து சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் வாங்கி வந்திருந்தார். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தின்னர் நனைத்த துணியால் ஒவ்வொரு தகடாகத் துடைத்தார். பெயின்ட் படக் கூடாத இடங்களுக்கு நான் டேப் வெட்டிக் கொடுத்தேன். பிறகு பிரஷ்ஷை எடுத்தார். அத்தை கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவுவது போலப் பாவனை செய்துகொண்டு, மாமாவின் கையைப் பார்த்தார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன், அத்தையும் பார்த்தார். தகடுகளுக்கு நடுவில் பிரஷ் போய்ப் போய் வந்தது.

ஆனால் பெயின்ட் நிற்கவில்லை. பூசிய கொஞ்ச நேரத்தில் அங்கங்கே சின்னச் சின்ன வட்டமாக விலகி, கீழே இரும்பு தெரிந்தது. அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது சிலிண்டர்.

“பெயின்ட்டு சரியில்ல போல,” என்றார் அத்தை.

“பெயின்ட்டு நல்ல பெயின்ட்டு,” என்றார் மாமா.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஆனியில் இரண்டாவது தடவை பூசினார். அந்தத் தடவை தின்னரால் துடைத்துத் துடைத்துத் துணியே கிழிந்துபோனது. அப்படியும் வட்டங்கள் வந்தன. அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். கீரையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது பூச்சுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அத்தைக்கு அன்று வேலை இல்லை. காலையிலேயே குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தார். மாமா கடைக்குப் போயிருந்தார். நான் துணி காயப்போடக் கொல்லைக்கு வந்தபோது, அத்தை சாக்கின் மேல் உட்கார்ந்து சிலிண்டரை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன மருந்து பாட்டில். அதிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி, கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தகடு தகடாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தை இது?”

“அவுகளுக்கு அஷ்டமத்துச் சனி நடக்குது ஆத்தா. இரும்பு சனீஸ்வரனுக்கு உள்ளது. அத இப்படி உரிச்சுப் போட்டு, அவரு மேனியச் சுரண்டுன மாதிரி வச்சிருந்தா அவரு சும்மா இருப்பாரா? அதான் கோயில் வெளக்கு நல்லெண்ணெய கொஞ்சம் வாங்கியாந்து தேய்ச்சு விடுறேன். கை நல்லபடியா நிக்கணும்ல.”

“முதல்லயும் தேய்ச்சீங்களா?”

“ஒவ்வொரு வாட்டியும்தான். அவுகளுக்குத் தெரியாது.”

“அத்தை, எண்ணெய் பட்டா பெயின்ட் பிடிக்காது. மாமா அதுக்குத்தான் அவ்வளவு துடைக்கிறாரு.”

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது ஆயிலு ஆத்தா. அந்த அழுக்குப் பட்டாப் புடிக்காதுதான். இது கோயில் எண்ணெய். இது என்ன செய்யும்? அதோட, நான் தொடைச்சுட்டேன்ல.” முந்தானையால் சிலிண்டரைப் பளபளவென்று துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாமா வேலையைத் தொடங்கினார். அத்தை தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. மாமா சிலிண்டரை எடுத்தார், வெறும் துணியால் ஒரு சுற்று துடைத்தார், நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். தின்னர் டப்பா மூடியபடி இருந்தது.

“மாமா, தின்னர் போடலையா?”

“போட்டாச்சு தாயி,” என்றார் நிமிராமல்.

பிரஷ் நேராகத்தான் போனது. நேராக இழுத்த ஒவ்வொரு கோடும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி, விலகி, குழி குழியாக ஆனது. இந்தத் தடவை முந்தைய இரண்டையும்விட மோசம். அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“ஏன் ஆத்தா, உன் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியுதா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா அத்தை.”

“பாத்தியா மூக்கு, கை ஒழுங்கா நிக்க மாட்டேங்குது,” என்றார் மாமா.

சொன்ன சொல்லை அத்தை மீற முடியாது. சத்தியம் செய்தவர் ஆயிற்றே. பிறகு பவுனு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். தெருமுனை வரை அவர் நடந்த நடையில், மறுநாள் காலை அந்த ஜீப்பில் மறுபடி ஏற வேண்டும் என்ற அலுப்பு இப்போதே இருந்தது.

இதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் அத்தைக்கு இப்போது தெரியும். ஐப்பசி மழையில் மெட்டு ரோடு அடைபட்டு, அத்தையும் வேலைக்குப் போகாமல் இருவரும் வீட்டிலிருந்த ஒரு நாளில் மாமாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தை பல நாள் அவரோடு பேசவில்லை. சோற்றை மட்டும் போட்டு வைத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, எப்போதும்போலக் குச்சனூருக்குப் போய் வந்தார். இப்போது ஜீப்பை முத்துக்கருப்பன் என்பவர் ஓட்டுகிறார். மாட்டுவண்டி மாதிரி ஓட்டுகிறான் என்று அத்தை அதற்கும் குறை சொல்கிறார். ராஜ்தூத் அதே குழி விழுந்த சிலிண்டரோடு மாட்டப்பட்டு, காய்கறிக் கடை வரைக்கும் போய் வருகிறது. அதற்கு மேல் போக அத்தை விடுவதில்லை. இதை நான் எழுதலாமா என்று கேட்டபோது, “எழுது, எண்ணெய் தேய்ச்சது நாந்தான்னு எழுது,” என்றார்.

மூன்றாவது பூச்சு அடித்த அன்று மத்தியானம், அத்தை பவுனு வீட்டிலிருந்து திரும்புவதற்குள், எண்ணெய் விஷயத்தை மாமாவிடம் சொல்லிவிடுவது என்று நான் கீழே இறங்கினேன். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாமா, அத்தை சனிக்கிழமையானா அந்த சிலிண்டர்ல…”

“நல்லெண்ணெய்தான? தெரியும் தாயி.”

“தெரியுமா?”

“மொத வாட்டியே தெரிஞ்சுபோச்சு. வெயில்ல வச்சா எள்ளு வாசம் வருது. எந்த இன்சின்ல எள்ளு வாசம் வரும்? ரெண்டாவது வாட்டி எப்படியாச்சும் எடுத்துறலாம்னுதான் அப்படித் தொடைச்சேன். பாதி தொடைக்கும்போதே மனசு விட்டுப்போச்சு.”

“அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நிறுத்திருவா. நிறுத்துனா பெயின்ட்டு புடிச்சிரும்.”

அவர் பிரஷ்ஷை உதறிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்தார்.

“சாப்பிடும்போதுதான் கை போச்சுன்னு எல்லாரும் சொல்றாகள்ல. அதுக்கு மொத நாளே போச்சு. பொம்பளைகளக் காட்டுல எறக்கிவிட்டுட்டு, டீசலுக்கு வெறும் வண்டியா எறங்குறேன். வளைவு வருது, ஒடிக்கணும். கை கேக்க மாட்டேங்குது. ஸ்டேரிங் மேல, யாரோ மறந்து வச்சிட்டுப் போன துண்டு மாதிரிக் கெடக்கு. எடக்கையால இழுத்தேன். வண்டி மலைப்பக்கத்து ஓடையில எறங்கி நின்னுருச்சு. பள்ளத்துப் பக்கமா போயிருந்தா இன்னைக்கு நீ என்னையப் பாத்திருக்க மாட்ட. ஒரு பீடி குடிக்கிற நேரத்துல கை தானா திரும்பி வந்துருச்சு.”

“அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலையா மாமா?”

“போகல. அதுதான் தாயி சொல்ல வாய் வரல. சாயங்காலம் அதே வண்டியில அம்புட்டுப் பொம்பளைகளையும் ஏத்திக்கிட்டு எறங்குனேன். வேற ஆளுக்கு எங்க போக? எல்லாரும் தூங்குறாக. உங்க அத்தையும் தூங்குறா. கம்பம் வந்து சேர்ற வரைக்கும் நான் எச்சி முழுங்கல. இனிமே அந்தக் கைய நம்பி ஒருத்திய ஏத்த மாட்டேன். டாக்டர் சொன்னாலும் சரி, சனீஸ்வரனே வந்து சொன்னாலும் சரி.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தோட்டத்து மேனேஜரின் நம்பரைத் தேடி வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். நான் எட்டாம் வகுப்பு வரை அந்த மலையில் மலையாளத்தில் படித்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

“உங்களுக்கே மலையாளம் நல்லா வருமே மாமா.”

“வரும். நான் பேசுனா, ‘சீனி, வந்துரு’ன்னு அவரு ஒரு வார்த்த சொல்லுவாரு. நான் சரின்னுருவேன். அவருக்குச் சரின்னே சொல்லிப் பழகிப்போச்சு. நீ பேசு தாயி. சீனிக்குக் கை ஆகாது, இனிமே வர மாட்டான்னு தெளிவாச் சொல்லு. அந்த அருண்பாண்டிய எடுத்துட்டு, வளைவுல போன் பேசாத ஒருத்தனப் போடச் சொல்லு. அத மட்டும் சீனி சொன்னான்னு சொல்லு.”